நேரக்கூடியதும் நேர்ந்துவிட்டதும்



சொல்லின் பொருளறிந்து அதனை வழங்குவதும் வாய்மை விரதத்தின் ஓர் அங்கமேயாகும். நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் 'அவசரம்' என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். வடமொழியில் அவசரம் என்பது தக்க சமயம், வாய்ப்பு என்றே பொருள்படும். தமிழ் வழக்கிலோ அது விரைவையும் உடனடித் தேவையையும் குறிக்கலாயிற்று. இதனோடு 'எதிர்பாராதது' என்னும் மற்றொரு சொல்லையும் கலந்து வழங்குகிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல.

எதிர்பாராதது என்பது நேரலாம், நேராமலும் போகலாம். அது வருங்காலத்தைச் சார்ந்தது. அதற்குரிய விடை முன்னேற்பாடு. உடனடித் தேவையோ முன்னரே நேர்ந்துவிட்டது. நம் கண்முன் நிற்பது. அதற்குரிய விடை செயல். நீரை வடிகட்டி அருந்துகிறோம். கதிரவன் மறையுமுன் உண்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் இருக்கக்கூடும் என்பதனால் மேற்கொண்ட முன்னேற்பாடுகள் இவை. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களோ வந்து நிற்கும் தேவைக்கு உரியவை.

இவ்வேறுபாடு மயங்கும்போது விரதமும் கெடுகிறது, தானமும் கெடுகிறது. திருமண விருந்தில் இரவில் உண்டுவிட்டு, "அவசரத்துக்கு என்ன செய்வது?" என்கிறோம். அழைப்பிதழோ ஒரு திங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே எதிர்பாராதது எது? உடனடித் தேவைதான் எது? நம் வசதிக்கு அவசரம் என்று பெயர் சூட்டினோம்; அவ்வளவே. அடுத்த வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கையில், "தேவைப்பட்டால் நாளை பார்ப்போம்" என்கிறோம். நேர்ந்துவிட்டதை நேரக்கூடியதாகத் தள்ளிவைப்பது இது.

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியை நினைவு கூர்வோம். அந்தணரால் அடியுண்டு உயிர் பிரியும் நிலையில் ஒரு நாய் கிடந்தது. அதன் உயிரைக் காக்க இனி வழியில்லை. எனினும் சீவகன் கடந்து செல்லவில்லை. எஞ்சியிருந்த சில கணங்களில் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லப் பணித்தபோது, அத்தேவனே வந்து காத்தான். பயன் கருதியா சீவகன் மந்திரம் ஓதினான்? இல்லை. எதிரே கிடந்த தேவையை மட்டுமே கண்டான். ஆயினும் எதிர்பாராத இடருக்கு அவ்வறமே அரணாயிற்று.

நம் ஆகமங்கள் கூறும் 'ஆவச்யகம்' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. எதற்கும் வசப்படாதவன் அவசன். அவனுடைய செயலே ஆவச்யகம் என்பது ஆன்றோர் தரும் விளக்கம். எனவே அவசியமானது எது என்பதை நம் ஆசையும் அச்சமும் முடிவு செய்யலாகாது. அவற்றுக்கு வசப்படாத அறிவே முடிவு செய்தல் வேண்டும். ஆறு ஆவச்யகங்களுள் ஒன்றாகிய பிரத்தியாக்கியானம், இனி வரக்கூடிய குற்றங்களை முன்கூட்டியே துறப்பதாகும். சோதனை வந்தபின் உறுதிபூண முயல்பவன் தடுமாறுவான்.

இவ்வேறுபாட்டின் முழு ஆழமும் வாழ்வின் இறுதியில்தான் புலப்படும். தீர்க்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்தவிடத்து அறத்தின் பொருட்டு உடலை விடுதலே சல்லேகனை என்று ஆசாரியர் சமந்தபத்ரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வரையறுத்தார். 'தீர்க்க இயலாத' என்பதே அங்கு உயிர்நாடியான சொல். வரக்கூடும் என்னும் அச்சத்தாலோ, வாழ்வின்மீது கொண்ட வெறுப்பாலோ மேற்கொள்வதன்று அது. தீர்க்கக்கூடிய நோய்க்கு மருத்துவமே உரியது.

மரணம் எதிர்பாராததன்று, அதன் நாழிகையே எதிர்பாராதது. ஆயினும் பல குடும்பங்களில் பெரியோர் தம் இறுதி விருப்பத்தை உரைப்பதில்லை, மக்களும் கேட்பதில்லை. மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கும்போது, செவியில் நமஸ்காரம் ஓதுவதற்கும் ஒருவர் இன்றி, மற்றையோர் கூடி வாதிடுகின்றனர். அமைதியான ஒரு மாலையில் பேசியிருக்க வேண்டியது அது.

ஆதலின், நாள்தோறும் சாமாயிகம் முடிந்தபின் இரு வினாக்களை எழுப்புவோம். நாளை நேரக்கூடியதற்கு இன்று எவ்விரதத்தால் அரண் செய்தேன்? இன்று நேர்ந்துவிட்ட எத்தேவையைக் கடந்து சென்றேன்? இவற்றுக்கு நேர்மையாக விடை காணும் இல்லத்தில் அவசரம் என்னும் சொல் அருகும், அறம் பெருகும்.

அருகன் அறம் வெல்க!