கடைசிப் பக்கத்துக்குப் பிறகு

துப்பறியும் நாவல் படிப்பதைச் சிலர் சின்னத்தனம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. கதை எழுதுகிறவன் வீட்டு அலமாரியில் பெரிய பெரிய இலக்கியங்கள்தாம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வருகிற நண்பர்கள், கீழ்த்தட்டில் வரிசையாக நிற்கும் மர்மக் கதைகளைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டு, போகும்போது கையோடு ஒன்றை எடுத்துக்கொண்டும் போவார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆன் பெர்ரி என்ற ஆங்கில எழுத்தாளருடைய நாவல்கள் அவருக்கு மிகவும் பிடித்துப் போயின. நான்கு புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தார். ஐந்தாவதைப் பாதியிலேயே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"பிடிக்கவில்லையா, ஸார்?" என்று கேட்டேன்.

"கதையில் ஒரு குறையும் இல்லை. எழுதினவள் யார் என்று நேற்றுத்தான் என் பேரன் சொன்னான். உங்களுக்கு முன்பே தெரியுமோ?"

"தெரியும்."

"பின் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் படித்திருப்பீர்களா?"

"படித்திருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்."

அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாவல்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விக்டோரியா ராணி ஆண்ட காலத்து லண்டன் நகரந்தான் களம். குதிரை வண்டிகளும் மூடுபனியும் தெருவில். பட்டுத் திரைகளும் பளிங்குச் சிலைகளும் வீட்டுக்குள்ளே. மாடியில் எஜமானர்கள், அடித்தளத்தில் சமையற்காரியும் பணிப்பெண்களும். 1979-ல் வந்த முதல் நாவலில் தாமஸ் பிட் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரைச் சந்திக்கிறோம். வேட்டைக் காடு காப்பவன் ஒருவனின் மகன் அவன். வசதியான குடும்பத்தில் பிறந்த ஷார்லட், அந்தஸ்தை உதறிவிட்டு அவனை மணந்துகொள்கிறாள். பின்னால் வருகிற கதைகளில், அவன் தெருவில் அறிகிற செய்தியும் அவள் பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் தேநீர் அருந்தியபடி அறிகிற செய்தியும் ஒன்று சேரும்போதுதான் உண்மை வெளியாகிறது.

இந்தக் கதைகளில் நமக்கு என்ன இன்பம்? பெரிய வீட்டு அழுக்கைப் பார்க்கிற ஆசை கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது. அதை மறைப்பானேன்? ஆனால் அது மட்டும் இல்லை. எஜமானியின் வார்த்தைக்கும் வேலைக்காரியின் வார்த்தைக்கும் ஒரே எடை போடுகிற தராசு உலகத்தில் எங்கேயும் கிடையாது. துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் மட்டும் அந்தத் தராசு நம் கண் முன்னே ஒரு நிமிஷம் தொங்குகிறது. அதைப் பார்க்கத்தான் முந்நூறு பக்கம் படிக்கிறோம்.

இந்த வகைக் கதைக்கு ஒரு மெய்யான வேர் உண்டு. 1860-ம் வருஷம் ஜூன் மாதம் 29-ந் தேதி இரவு, இங்கிலாந்தில் ரோட் என்ற கிராமத்தில் ஒரு மூன்றடுக்கு வீட்டில், நான்கு வயது நிரம்பாத ஒரு குழந்தை தொட்டிலிலிருந்து மறைந்தது. காலையில், கழுத்து அறுபட்ட நிலையில், வேலைக்காரர்களின் கழிப்பறைக் குழியில் கண்டெடுத்தார்கள். வீட்டுக்காரர் ஸாமுவேல் கென்ட், தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அரசாங்க அதிகாரி. உள்ளூர்ப் போலீஸார் முதலில் யாரைச் சந்தேகித்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? குழந்தையைக் கவனித்துக்கொண்ட தாதியைத்தான்.

ஸ்காட்லண்டு யார்டிலிருந்து ஜானதன் விச்சர் என்ற துப்பறியும் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் ஒரு தோட்டக்காரரின் மகன். சலவைக்குப் போன துணிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு இரவு உடை மூன்று இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைக் கைது செய்தார். நாடே அவர்மேல் பாய்ந்தது. ஒரு தோட்டக்காரன் மகன், நல்ல குடும்பத்துக் கன்னிப்பெண்ணின் உள்ளாடைகளை எண்ணிப் பார்ப்பதா என்று பத்திரிகைகள் கொதித்தன. போதிய சாட்சியம் இல்லை என்று அவள் விடுதலையானாள். விச்சர் பேர் கெட்டு, உடம்பும் கெட்டு, 1864-ல் ஓய்வு பெற்றார். மறு வருஷம், 1865-ல், கான்ஸ்டன்ஸ் தானாகவே லண்டனுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

இதிலிருந்துதான் வில்கி காலின்ஸ் தம்முடைய 'சந்திரகாந்தக் கல்' என்ற நாவலுக்குச் சில விவரங்களை எடுத்துக்கொண்டார். 1868-ல் வந்த அந்த நாவலில் கறை படிந்த இரவு உடை ஒன்று வருகிறது. கெட்டிக்காரத் துப்பறிவாளர் ஒருவரும் வருகிறார். மையமான குற்றம் மட்டும் கொலை இல்லை, திருட்டுத்தான். அதிலே ரோஸானா என்று ஒரு வேலைக்காரி. முன்பு திருடிச் சிறை சென்றவள். தெரிந்தே வேலை கொடுத்த எஜமானி நல்லவள்தான். என்றாலும் வீட்டில் வைரம் காணாமல் போனதும் சந்தேகத்தின் நிழல் அவள்மேல் விழுகிறது. வைரத்தை எடுத்தவள் அவள் இல்லை. புதைமணலில் இறங்கி உயிரை விடுகிறவள் மட்டும் அவள்தான்.

இனி, என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

துப்பறியும் நாவலுக்கு ஒரு வழக்கம் உண்டு. குற்றவாளி யார் என்று தெரிந்தவுடன் புத்தகம் முடிந்துவிடும். கை விலங்கு பூட்டுகிறார்கள். நாம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். வாழ்க்கைக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் பக்கங்கள் இருக்கின்றன.

கான்ஸ்டன்ஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இருபது வருஷம் சிறையில் இருந்துவிட்டு, 1885-ல் நாற்பத்தொரு வயதில் வெளியே வந்தாள். மறு வருஷம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். ரூத் எமிலி கேய் என்று பெயரை மாற்றிக்கொண்டு, நர்ஸ் வேலைக்குப் பயிற்சி பெற்றாள். தொழுநோயாளிகளைக் கவனித்தாள். பிறகு நர்ஸுகளுக்கான ஓர் இல்லத்தைப் பல வருஷம் நடத்தினாள். 1944-ல், நூறு வயது நிறைந்து காலமானாள். அவளிடம் மருந்து வாங்கிக் குடித்த நோயாளி ஒருவருக்காவது அவள் யார் என்று தெரிந்திருந்தால், அந்த மருந்தைக் குடித்திருப்பாரா? அவள் பிறரைக் காப்பாற்றவே பழியை முழுவதும் ஏற்றுக்கொண்டாள் என்று சந்தேகிக்கிறவர்களும் உண்டு. அது தனி விஷயம். சட்டத்தின் கணக்கில் அவள் கொலைகாரிதான்.

ஆன் பெர்ரியின் கதையும் இதுதான். 1954 ஜூன் மாதம், நியூஜிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பூங்கா ஒன்றில், ஜூலியட் ஹியூம் என்ற பதினைந்து வயதுப் பெண்ணும் அவளுடைய தோழியும் சேர்ந்து, அந்தத் தோழியின் தாயைச் செங்கல்லால் அடித்துக் கொன்றார்கள். தங்களைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் காரணம். தூக்கிலிடும் வயது இல்லை என்பதால் சிறையில் வைத்தார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஜூலியட் விடுதலையானாள், பெயரை மாற்றிக்கொண்டாள், பின்னாளில் எழுத்தாளர் ஆனாள். 1994-ல், அந்தக் கொலையை வைத்து எடுத்த சினிமாப் படம் ஒன்று வெளிவந்த சமயத்தில், பத்திரிகைக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார், 2023-ல் காலமானார்.

ரூத் எமிலி கேய் தன் ரகசியத்தோடு கண்ணை மூடினாள். ஆன் பெர்ரிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. தண்டனையை அனுபவித்துத் தீர்த்துவிட்ட ஒருத்தியின் பழைய பெயரைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உரிமை இல்லை என்று சொல்லவே எனக்கு முதலில் ஆசையாக இருந்தது. நம் ஊரில் வழிப்பறிக்காரன் வால்மீகியான கதையைக் குழந்தைக்குக்கூடச் சொல்கிறோமே! புற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்தவர் பாடிய ராமாயணத்தைக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விடுகிறோமே! ஆனால் இந்த இடத்தில் என் மனம் இடறியது. அந்த வழிப்பறிக்காரனின் கையால் காட்டில் மாண்டவர்கள் யார் யார்? அவர்களுடைய பிள்ளைகளும் உட்கார்ந்து ராமாயணம் கேட்டார்களா? கதை அதைச் சொல்லவில்லை. பூங்காவில் விழுந்த அந்தத் தாயின் பெயர் ஹானோரா. கொன்றவளுக்கு இரண்டாவது பெயர் கிடைத்தது, இரண்டாவது வாழ்வும் கிடைத்தது. ஹானோராவுக்கு இருந்தது ஒரே பெயர், ஒரே வாழ்வு. 'கடனை அடைத்துவிட்டாள்' என்று நாம் தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். கடன் கொடுத்தவரே போய்விட்ட பிறகு யாரிடம் அடைப்பது?

ஆகவே, மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. அது இறந்தவருக்கு உரியது. நான் கொடுப்பது பிறத்தியார் பணத்தில் தருமம் செய்வது போலத்தான். ஆனால் இதே நியாயத்தால், தண்டிக்கிற அதிகாரமும் எனக்கு இல்லை என்று ஆகிறதல்லவா? ஐந்து வருஷம் சிறையில் வைத்து விடுவித்துவிட்டார்கள். அது போதாது என்று எண்ணி, ஆறாவது வருஷத்தை நான் என் வீட்டு அலமாரியிலிருந்து விதிக்க முடியுமா? ரோஸானாவுக்கு வேலை கொடுத்தவர்கள் உண்டு. அடி கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அவளைப் புதைமணலுக்குத் துரத்தியது தன் பழைய கதையை விட்டு விலக வழியில்லை என்ற எண்ணந்தான்.

மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் கூடாது என்றால் எஞ்சி நிற்பது என்ன? தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்காருவதுதான். அது மிகவும் சங்கடமான உட்காரல். மறந்துவிட்டால் சுலபம், வெறுத்துவிட்டால் இன்னும் சுலபம். இரண்டும் இல்லாமல் இருப்பதற்குத்தான் பலம் வேண்டியிருக்கிறது. துப்பறிகிறவனின் வேலை உண்மை தெரிகிற வரைக்குந்தான். தெரிந்த பிறகு ஆரம்பமாகிற வேலை, அவனைவிட நமக்குக் கஷ்டமானது.

நண்பர் பாதியில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அன்றிரவு மறுபடி எடுத்துப் படித்தேன். 1990-ல் வந்தது அது. அதாவது ஊர் அறிவதற்கு நான்கு வருஷம் முன்னால். வில்லியம் மங்க் என்ற போலீஸ் துப்பறிவாளன் விபத்தில் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். தன் பெயர்கூடத் தெரியவில்லை. அதை வெளியே சொல்லாமல், ஒரு பிரபு குடும்பத்து இளைஞனின் கொலையை விசாரிக்கப் போகிறான். போகப் போக, அந்தக் கொலையைச் செய்தது தானேதானோ என்ற பயம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. முன்பு படித்தபோது சாமர்த்தியமான கற்பனை என்று மெச்சியிருந்தேன். இந்தத் தடவை சில பக்கங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டது என் இன்பத்தைக் குறைத்துவிட்டது என்பது உண்மை. ஆனால் குறைந்த இடத்தில் வேறொன்று வந்து சேர்ந்தது என்பதும் உண்மை.

நண்பருக்கு நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சொல்லியிருந்தால் ஒருவேளை படித்திருக்க மாட்டார். அது அவருடைய உரிமை. சொல்லாமல் கொடுத்ததன் மூலம், அந்தச் சங்கடத்தில் உட்காருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமையை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

போன வாரம் அவர் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. புறப்படும்போது வாசற்படியில் நின்று, "அது கிடக்கட்டும். அந்த மங்க், கடைசியில் அவன்தான் கொன்றானா?" என்று கேட்டார்.

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை எல்லாம் தெரிந்துதான் வாங்கிக்கொண்டு போனார்.