மாதா மகனோடு பேசிய இரண்டு வசனம்

(மன்னார்த் தீவின் கரையோரப் பங்கு ஒன்றில், ஆவணித் திருவிழாவுக்கு முந்திய நவநாள் மாலையில் குருவானவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)

மதிலோடு சாய்ந்து நிற்கிற தம்பிமாரே! உள்ளே இடம் இருக்கு, வாங்கோ. வரமாட்டீங்கள், தெரியும். சரி, அங்கேயே நின்று கேளுங்கோ. காற்று கடுமையாய் இருக்கு, மைக் இரையுது. சோளகம் அடங்கும்வரைக்கும் இந்த மைக்கோடு எனக்குச் சண்டைதான்.

ஒரு கேள்வி கேட்கிறேன். நான்கு நற்செய்தியையும் கூட்டிப் பார்த்தால், மாதா தன் மகனைப் பார்த்து எத்தனை வசனம் பேசியிருக்கிறா? மறைக்கல்வி டீச்சர்மார் முன்னாலே இருக்கிறீங்கள், சொல்லுங்கோ. ஐம்பதா? இல்லை. இருபதா? அதுவும் இல்லை. இரண்டே இரண்டு. எலிசபெத்தம்மாவின் வீட்டிலே பெரிய பாட்டே பாடினா, கபிரியேலிடம் கேள்வி கேட்டா, பந்தியிலே வேலைக்காரருக்குப் புத்தி சொன்னா. ஆனால் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசியதாக எழுதி வைத்திருப்பது இரண்டுதான். ஒன்று எருசலேம் தேவாலயத்திலே. மற்றது கானாவூர்க் கல்யாண வீட்டிலே.

முதலாவது என்ன? ஏச்சு. இரண்டாவது என்ன? சாமான் முடிந்து போச்சு என்ற செய்தி.

சிரிக்கிறீங்கள். வீட்டிலே விடிந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் நீங்கள் பேசுகிறதும் இந்த இரண்டும்தானே? பிள்ளையை ஏசுகிறது, சீனி முடிந்து போச்சு என்கிறது. அப்படியென்றால் நீங்கள் நடத்துகிறதும் நற்செய்திதான், பயப்படாதேங்கோ.

தாலாட்டு ஒன்றும் எழுதப்படவில்லை. கொஞ்சியதும் எழுதப்படவில்லை. பாடாமல், கொஞ்சாமல் இருந்திருப்பா என்று நான் சொல்லேல்லை. லூக்கா எழுதி வைத்தது ஏச்சை என்றுதான் சொல்கிறேன். உங்கள் வீட்டு மாதா படத்தைப் பாருங்கோ. நீலச் சேலை, சுருக்கம் இல்லை. பிள்ளை சிரிக்குது, மூக்கிலே சளி இல்லை. எகிப்துக்கு ஓடுகிற படத்திலே ஒரு கழுதை வேறு. வேதாகமத்தைத் தேடிப் பாருங்கோ, அந்த இடத்திலே கழுதையே இல்லை. கழுதைக்குப் பஞ்சமில்லாத மன்னாரிலே இருந்து கொண்டு இதைச் சொல்ல எனக்கும் கவலைதான். அவ நடந்துதான் போனாவோ என்னவோ! நாங்கள்தான் கழுதையிலே ஏற்றி, வேதனையைக் குறைத்துப் படம் கீறி வைத்திருக்கிறோம்.

கபிரியேல் என்ன சொன்னார்? பிள்ளை பெரியவராக இருப்பார், தாவீதின் அரியணை கிடைக்கும், ஆட்சிக்கு முடிவே இல்லை. சொன்னவர் மாட்டுத் தொழுவத்தைச் சொன்னாரா? ஏரோதைச் சொன்னாரா? சிமியோன் தாத்தா பிறகு சொன்ன அந்த வாளைச் சொன்னாரா? ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவவுக்குத் திரும்பத் தூதர் வந்ததாக ஒரு இடத்திலும் இல்லை. பிறகு வந்ததெல்லாம் யோசேப்பின் கனவுக்கு. எழும்பு, ஓடு என்று கட்டளை வந்தது அவருக்கு. பச்சைக் குழந்தையைத் துணியிலே சுற்றிக்கொண்டு எழும்பினது இவ.

இப்ப அந்த ஏச்சுக்கு வருவோம். பன்னிரண்டு வயது. பாஸ்கா முடிந்து எல்லாரும் கூட்டமாகத் திரும்புகினம். தாய் நினைக்கிறா, பெடியன் உறவுக்காரரோடு வருகிறான் என்று. தகப்பனும் அப்படித்தான். ஒரு நாள் பயணம் போன பிறகுதான் பிள்ளை இல்லை என்று தெரியுது. ஒரு நாள்! உங்களில் ஒருத்தி ஒரு மணித்தியாலம் பிள்ளையைத் தவறவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ‘போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்’ என்று சொல்லும். அந்தக் காலத்திலே போன் இல்லை. இருந்தும் அமலோற்பவ மாதா பிள்ளையைத் தவறவிட்டா. கேட்குதா, பின்வரிசை ஆச்சிமார்?

மடுவிலே ஆவணித் திருவிழாவுக்குப் போன உங்களுக்கு ஒலிபெருக்கி தெரியும்தானே. ‘சிவப்புப் பெனியன் போட்ட நாலு வயதுப் பையன் எங்களோடு இருக்கிறார், பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே வரவும்.’ ஒரு வருடம் நான் அந்த அறிவித்தல் மேசைக்குப் பக்கத்திலே நின்றேன். தாய் வந்தா. ஒரு காலிலே செருப்பு இல்லை, கையிலே செபமாலை சுற்றினபடி. வந்த உடனே என்ன செய்தா? பளார் என்று ஒரு அடி! பிறகுதான் தூக்கினா. தூக்கிவிட்டு, அடித்த இடத்தையே தடவித் தடவி அழுதா. பக்கத்திலே நின்ற ஒருவர், நல்ல வெள்ளைச் சேட்டு, ‘கோயிலிலே வந்து பிள்ளையை அடிக்கிறியே, நீ ஒரு தாயா?’ என்று கேட்டார்.

ஐயா, கோயிலிலே வைத்துப் பிள்ளையை ஏசின முதல் ஆள் இவ இல்லை! மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த இடமும் கோயில்தான். போதகர்கள் சுற்றி இருக்க, எல்லாரும் பிள்ளையின் அறிவை வியந்து கொண்டிருக்க, மாதா பாராட்டினாவா? ‘ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்’ என்ற தொனியிலே கேட்டா. மகன் ஒரு பதில் சொன்னார். அந்தப் பதில் அவைக்கு விளங்கவில்லை என்று லூக்காவே எழுதுகிறார். பெற்ற பிள்ளை சொன்னது விளங்கவில்லை! இதுக்கு மேலே என்ன ஆறுதல் வேணும், பதின்மூன்று வயதுப் பெடியனை வைத்திருக்கிற அம்மாமாரே?

இன்னொன்று. ஏசும்போது ‘உன் அப்பாவும் நானும்’ என்றுதான் பேசினா, அப்பாவை முன்னுக்கு வைத்து. ஏன்? மூன்று நாளும் யோசேப்பும் கூடத் தேடினவர். சந்தியிலே நின்று கதைத்துவிட்டு, பிள்ளை கிடைத்த பிறகு வந்து ‘நீ என்னத்தைப் பார்த்தாய்?’ என்று மனிசியைக் கேட்கேல்லை. கடலுக்குப் போய் வருகிறவருக்குக் களைப்புத்தான், நான் இல்லை என்று சொல்லேல்லை. ஆனால் களைத்த கையாலேயும் ஏணையை ஆட்டலாம். மதிலோடு நிற்கிற தம்பிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்ப சிரியுங்கோ பார்ப்போம்.

எதுக்கு இவ்வளவும்? ஒரு பிள்ளை, இளந்தாய், இந்த ஊர் இல்லை, யார் என்று தேடாதேங்கோ. பாவசங்கீர்த்தனத்திலே இல்லை, விறாந்தையிலே நின்று கேட்டது. ‘பாதர், குழந்தை அழுதால் எனக்கும் அழுகை வருது. தூங்கினால் ஒன்றும் தோணுதில்லை. எல்லாரும் முகத்தைப் பார்த்தவுடனே பாசம் பொங்கும் என்று சொன்னவை. எனக்குப் பொங்கவில்லை. நான் பாவியோ?’

பாவியா? பத்தியக் கறி சமைத்துக் கொடுத்தீங்கள், சரக்கு அரைத்தீங்கள், பால் சுரக்கட்டும் என்று பால்சுறா வறுத்தீங்கள், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தீங்கள். எல்லாம் நல்லது. ஆனால் அவள் வாயைத் திறந்தால் மட்டும், ‘நாங்கள் ஏழு பெற்றம், இப்படி ஒன்றும் கண்டதில்லை’ என்று மூடிவிடுகிறீங்கள். ஆச்சி, நீங்களும் கண்டீங்கள். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கிணற்றடியிலே தனியே நின்று அழுதது மறந்து போச்சு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறா பாருங்கோ ஒரு ஆச்சி!

உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பிள்ளை பெற்ற நூறு பேரிலே பதின்மூன்று பேர் அளவுக்கு மனநோய் வருது, பெரும்பாலும் மனச்சோர்வு என்று. எங்களைப் போன்ற நாடுகளிலே கிட்டத்தட்ட இருபது பேர். எடின்பரோவிலே 1987இல் டாக்டர்மார் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைச் செய்தவை, இந்தச் சோர்வைக் கண்டுபிடிக்க. தமிழிலும் இருக்கு. வீட்டுக்கு மிட்வைஃப் அம்மா வந்தால் பிள்ளையின் நிறையை மட்டும் காட்டி அனுப்பாதேங்கோ. தாயைத் தனியே அவவோடு கதைக்க விடுங்கோ. மாமியார் கதவிலே நின்றால் எந்த மருமகள் உண்மை சொல்லுவாள்? செபமும் வேணும், கிளினிக்கும் வேணும். மடு மண் பாம்புக்கடிக்கு என்று கொண்டு வருவீங்கள், ஆனால் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கும் ஓடுவீங்கள்தானே? பிறகு இதுக்கு மட்டும் ஏன் ‘செபி, போகும்’ என்கிறீங்கள்?

எங்கள் மடு மாதாவையே பாருங்கோ. ஒல்லாந்தர் காலத்துக்கு முதல் மாந்தையிலே இருந்தவ. அவர்கள் கத்தோலிக்கரைத் துரத்த, 1670இல் காட்டுக்குள்ளே மருதமடுவுக்குப் போனா. 2008 ஏப்ரலிலே குண்டுச் சத்தத்துக்குள்ளே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், பிறகு திரும்பி வந்தா. தொண்ணூறுகளிலே மடுவிலே அகதியாய் மரத்தடியிலே ஏணை கட்டி வளர்த்த அம்மாமார் இந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறீங்கள். கல்யாணம் கட்டேக்கை இப்படியா நினைத்தீங்கள்? வளர்த்து, காணாமல் போன பிள்ளையின் படத்தை மட்டையிலே ஒட்டிப் பிடித்துக்கொண்டு றோட்டிலே இருக்கிற தாய்மாரும் இருக்கிறீங்கள். 2011 தை மாதம் எங்கள் இராயப்பு யோசேப்பு ஆண்டகை போருக்குப் பிறகு அமைத்த ஆணைக்குழு முன்னாலே போய், கணக்கிலே வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பதில் இன்னும் இல்லை. மாதா மூன்று நாள் தேடினா. இவை பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தேடுகினம். இதிலே நான் கூடச் சொல்ல ஒன்றும் இல்லை. அவைக்கு ஏச ஒரு முகம் கூடக் கிடைக்கவில்லை.

அதனாலேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அந்த மடுத் தாயின் அடியைக் குறைவாக நினையாதேங்கோ. அடிக்கச் சொல்லவில்லை, நாளைக்கு ‘பாதர் சொன்னவர்’ என்று பிரம்பைத் தூக்காதேங்கோ! ஒரு காலிலே செருப்பில்லாமல் ஓடி வந்ததைப் பாருங்கோ என்கிறேன். வெள்ளைச் சேட்டுக்காரர் அடியை மட்டும் பார்த்தவர்.

அந்த இரண்டாவது வசனம், கானாவூர். திராட்சை ரசம் முடிந்து போச்சு என்றா. எப்படிச் செய், எவ்வளவு செய் என்று சொல்லேல்லை. இல்லாததை இல்லை என்று சொன்னா. விறாந்தையிலே நின்ற பிள்ளையும் அதைத்தான் சொன்னது: ‘எனக்குள்ளே முடிந்து போச்சு.’ அது செபம், பிள்ளை. பாவம் இல்லை.

நேரமாச்சு, மணி அடிக்கப் பார்க்கிறார் சங்கிலித்தார். ஒன்று மட்டும். தூதர் போன பிறகு மாதா யாரிடம் போனா? மலைநாட்டுக்கு, எலிசபெத்திடம். அவவும் பிள்ளைத்தாச்சி. மூன்று மாதம் அளவு இரண்டு பொம்பிளைகளும் இருந்து கதைத்தவை. அந்த வீட்டிலே ஒரு குருவானவரும் இருந்தார், சக்கரியா. அவருடைய வாயை ஆண்டவர் கட்டி வைத்திருந்தார், பிள்ளை பிறந்து எட்டாம் நாள்வரைக்கும். ஏன் என்று இப்பதான் எனக்கு விளங்குது. ஆகவே நான் இருக்கிறேன். இன்றைக்குச் செபமாலையை இளந்தாய்மார் தொடங்குங்கோ. அதுவரைக்கும் பிள்ளைகளை ஐயாமார் வாங்கி வைத்திருங்கோ. மதிலோடு நிற்கிற நீங்களும்தான், வாங்கோ, கை நீட்டுங்கோ.