சூம்பின முழங்கால்

நம்ம பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற ஒரு சகோதரருக்குக் கால் முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தால், கெண்டைக்கால் சூம்பிக் கிடந்தது. தறி மிதிக்கப் பெலனில்லை. வேலை கொடுக்காத சதை கரைந்துபோகும். பாரமே தெரியாத விண்வெளியில் 2024-25-ல் 286 நாள் இருந்த சுனிதா வில்லியம்ஸ், இதற்காகவே அங்கே உடற்பயிற்சி செய்தார்கள்.

அந்தக் காலைப் பார்த்து நான் அழுதேன். ஏன் தெரியுமா? பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன், அதிகாலை ஜெபமோ பல மாதமாய் நின்றுபோயிருந்தது. என் முழங்காலும் சூம்பிவிட்டது!

மாற்கு 3-ஐ வாசியுங்கள். முடியாத அந்தக் கையைத்தான் இயேசு நீட்டச் சொன்னார். நீட்டினான், சுகமானான். சகோதரர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாய் மிதிக்கிறார், கால் தேறிவருகிறது. நானும் நாலு மணிக்கு எழும்புகிறேன். உங்க முழங்கால் எப்படியிருக்கு? இன்றைக்கே முடக்குங்கள். அல்லேலூயா!