நடுவில் ஓர் ஆள்

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். காதில் விழுந்தும் இருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் பிள்ளைகள்தான் தபால்காரர்கள்.

இது நேற்று வந்த பழக்கமில்லை. குறுந்தொகையின் 401 பாடல்களைப் புரட்டினால், தலைவி தோழியிடம் பேசுகிறாள், தோழி தலைவனிடம் பேசுகிறாள், தலைவன் தன் தோழனான பாங்கனிடமோ தன் நெஞ்சிடமோ புலம்புகிறான். யார், எப்போது, யாரிடம் பேசலாம் என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. அருமையான காதல் கவிதைகள்தான். காதலிக்கும் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் இடங்கள்தான் அவற்றில் குறைவு.

பெண்களுக்கு இன்றும் ஒரு தோழி கிடைத்துவிடுகிறாள்: அக்காவோ, கூட வேலை பார்ப்பவளோ. ஆண்களுக்குத்தான் பாங்கன் இல்லாமல் போய்விட்டான். டீக்கடையில் அரசியல் உண்டு, கிரிக்கெட் உண்டு, மனை விலை உண்டு. சர்க்கரை ஏறியிருக்கிறது என்றுகூட ஒருவன் சொல்வான். பயமாக இருக்கிறது என்று சொல்லமாட்டான். அந்தப் பயம் வீட்டுக்கு வந்து, சாம்பாரில் உப்பு குறைவு என்கிற கோபமாக மாறும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், "மனசு விட்டுப் பேசுங்க." எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. "உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்று ஒருவரை உட்காரவைத்துக் கேட்டால், விசாரணைக்குக் கூப்பிட்ட மாதிரிதான் விழிப்பார். சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை ஆய்வு செய்தபோது பெரிய உரையாடல்களை மட்டும் பார்க்கவில்லை. ஒருவர் சும்மா எதையோ சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்றும் கவனித்தார். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள், முன்பு அப்படி நூற்றுக்கு 86 முறை முகம் கொடுத்தவர்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறைதான்.

"முருங்கை இந்த வருஷம் பூக்கவே இல்ல, பாத்தீங்களா?" என்று மனைவி கேட்பது மரத்தைப் பற்றி மட்டும் அல்ல. "ஆளை விட்டு வெட்டிடலாம்" என்று தீர்வு சொல்லிவிட்டுக் கணவர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுகிறார். எழுந்து போய் மரத்தை ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

சண்டையே இல்லாத வீடு நெருக்கமான வீடு என்றும் சிலர் நினைக்கிறார்கள். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. 1330 குறளையும் எழுதி, கடைசி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயர் வைத்தார். வந்து கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கை இருந்தால்தானே ஊட முடியும்? அந்த நம்பிக்கை போன வீட்டிலும் சத்தம் இருக்காது.

என் சித்தப்பா ஒருவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளியூரில். ஒருநாள் சித்தியிடம், "நீ ஏன் பாட்டுக் கத்துக்கறதை விட்டே?" என்று கேட்டிருக்கிறார். "இப்ப எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்று சித்தி உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி தன் அக்காவுக்கு போன் போட்டு, எதனால் விட்டாள் என்று அரை மணி நேரம் சொன்னாளாம். இவர் ஹாலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். "எனக்குத் தூக்கமே வரலைடா" என்றார் என்னிடம்.

"சித்திகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவகிட்டயா?" என்றார்.