கடன்பட்டவருக்கும் தர்மம் உண்டு





நம் ஆலங்குளம் வட்டாரத்தில் பெரும்பாலோர் கை உழைப்பை நம்பி வாழ்கிறவர்கள். பீடி சுற்றுகிறார்கள், காட்டு வேலைக்குப் போகிறார்கள், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். கை ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்துவிடும். வீட்டில் ஒருவர் ஆறு மாதம் படுக்கையில் விழுந்தால், முதலில் நகை அடகுக்கடைக்குப் போகிறது. அப்புறம் குழுக்கடன், அதை அடைக்க வாரவட்டி, கடைசியில் வீட்டுப் பத்திரம்.

அந்த நிலையில் இருக்கிறவர்கள் தாங்கலில் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கடன் கொடுக்க வேண்டியது இருக்கும்போது வீட்டைக் காப்பாற்ற நினைப்பது தர்மமா? எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பதுதான் நேர்மையா?"

வாங்கிய கடனைக் கொடுக்கத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கொடுப்பதற்கு அந்த ஆள் பிழைத்திருக்க வேண்டும், மறுபடி வேலைக்குப் போக வேண்டும். கூரையும் தொழில் கருவியும் போய்விட்டால் எதைக் கொண்டு சம்பாதித்துக் கொடுப்பார்? வீட்டைக் காப்பது கடன் கொடுத்தவருக்கும் நல்லதுதான்.

அய்யா வைகுண்டர் 1833-இல் வெளிப்பட்ட காலத்தில், திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலைக்கு வரி கட்டினார்கள். பனையேறும் ஏணிக்கும் தளைநாருக்கும்கூட வரி கட்டினார்கள். உழைக்கிறவனின் கருவியிலேயே கை வைப்பது கலியின் வேலை. அதை எதிர்த்துத்தான் அய்யா சிறைப்பட்டார். நலிந்தவரைத் தூக்கி நிறுத்துவதே அவர் காட்டிய தர்மம். நலிந்து கிடப்பவர் நாமாகவே இருந்தாலும் அந்தத் தர்மம் பொருந்தும்.

இன்றைய சட்டமும் இதை ஓரளவு ஒத்துக்கொள்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி, கடன் வழக்கில் தோற்றாலும் சிலவற்றை ஜப்தி செய்ய முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத தாலி போன்ற அணிகலன், கைத்தொழிலாளியின் கருவி, விவசாயியின் உழவுக் கருவியும் விதையும், விவசாயியும் கூலித் தொழிலாளியும் தாம் குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவை இதில் அடங்கும்.

ஆனால் அந்த வீட்டை நாமே அடமானம் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த அடமானக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு நிற்காது. ஆகவே கைக்கடனையும் வட்டியையும் அடைக்க வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். சட்டம் போட்டுக் கொடுத்த வேலியை நம் கையாலேயே பிடுங்கி எறிவது போல் ஆகிவிடும்.

இங்கே ஒரு எல்லையும் உண்டு. கடன்காரருக்குக் கிடைக்கக்கூடாது என்று சொத்தை மச்சினன் பேருக்கும் மகன் பேருக்கும் அவசரமாக மாற்றி எழுதுவது காப்பது ஆகாது, ஏமாற்று. அப்படிப்பட்ட பத்திரத்தை நீதிமன்றமும் செல்லாது என்று சொல்லலாம். உள்ளதை உள்ளபடி சொல்லி, "இவ்வளவுதான் இருக்கிறது, இவ்வளவுதான் மாதம் முடியும்" என்று நிற்பதே தர்மம்.

அதைத் தள்ளிப் போடாமல் சொல்ல வேண்டும். மருத்துவச் சீட்டின் நகலோடு, தவணையை நீட்டித் தரும்படி வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி எடுக்கும் சட்டத்திலும், முதலில் 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸைப் பிரிக்காமல் பரணில் போடாதீர்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தொகையைக் குறைத்து முடித்தவர்கள் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், நோய் வருமுன்பே எடுத்து வையுங்கள். பி.எஃப். இருப்பவர்கள் நோய்ச் செலவுக்கு அதில் முன்பணம் கேட்கலாம்.

பழைய வட்டியைக் கட்டப் புது வட்டிக்கு வாங்குவதை மட்டும் நிறுத்துங்கள். நம் பக்கத்துக் காசிதர்மத்தை நாம் மறக்க முடியாது. 2017 அக்டோபர் 23 அன்று, அந்த ஊர்க் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடும் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் தீக்கு இரையானார். வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் கந்துவட்டி கேட்டதாகச் செய்தி வந்தது. கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் அந்தக் குடும்பத்துக்குத் துணை இல்லாமல் போயிற்று.

அந்தத் துணையாக நிற்க வேண்டியது நாம்தான். வட்டிக்காரர் வாசலில் சத்தம் போடும்போது நாலு பேர் போய் நின்றால் சத்தம் குறையும். மனு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கலாம். வசதி உள்ளவர் வட்டியில்லாமல் கொஞ்சம் கொடுக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தவர்கள் 104-க்குப் பேசுங்கள், இல்லையென்றால் தாங்கலுக்கு வாருங்கள். கடன் என்றைக்காவது தீரும், போன உயிர் வராது.

கடன் வந்ததும் சிலர் தாங்கலுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். திருவிழா வரி கொடுக்க முடியவில்லை என்று வெட்கம். காணிக்கை வேண்டாம் என்று சொன்ன அய்யா அதைக் கேட்கமாட்டார். அன்னதர்மத்தில் யாரிடமும் கணக்குப் பார்த்துக் கஞ்சி ஊற்றுவதில்லை.

தலைகுனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர் அய்யா. கடன் இருப்பவன் அதைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது அதில் தெரிவது நம் முகம். அந்த முகத்தைப் பார்க்கும் அளவுக்கு உண்மையாக நடந்தால் போதும். மீதியை உழைத்துக் கொடுப்போம்.

அய்யா துணை.