யாக்கோபின் இடத்துக்கு யாரையும் தேடவில்லை



அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் இன்று வாசிக்கப்பட்டது. பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்த கதை நம் எல்லாருக்கும் பிடித்த கதை. சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது, ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இதை நடித்துக் காட்டாத வருடமே இல்லை. ஆனால் அதிகாரம் பேதுருவோடு தொடங்கவில்லை. ஏரோது யாக்கோபை வாளுக்கு இரையாக்கியதோடு தொடங்குகிறது. அந்த மரணத்தை லூக்கா ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

யாக்கோபு யார்? யோவானோடு பிறந்தவர். அண்ணன் தம்பி இருவரும் ஒரே படகில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே நேரத்தில் அழைக்கப்பட்டவர்கள். மறுரூப மலையில் இருவரும் இருந்தார்கள், கெத்செமனேயிலும் இருந்தார்கள். ஊழியத்தில் ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயரும் கூடவே வரும். ஒரு பஸ்கா பண்டிகைக் காலத்தில், கி.பி. 44ஐ ஒட்டி, அந்த ஜோடியில் ஒருவர் இல்லாமல் போனார். யோவான் எப்படி அழுதார், அன்றிரவு எங்கே தூங்கினார், எத்தனை நாள் வெளியே வரவில்லை என்று வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பாரம்பரியம் சொல்கிறபடி யோவான் முதிர்ந்த வயது வரை எபேசுவில் ஊழியம் செய்தார். அப்படியானால் தம் சகோதரன் இல்லாத ஊழியத்தைத்தான் வாழ்நாளின் பெரும்பகுதி அவர் செய்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு, முதலாம் அதிகாரத்திலேயே, சீட்டுப் போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்டார்கள். யாக்கோபு இறந்தபோது யாரும் சீட்டுப் போடவில்லை. அவருடைய இடத்துக்கு ஆள் தேடியதாக ஒரு வசனமும் இல்லை. துரோகம் செய்து போனவனுடைய இடம் காலியாகிறது. உண்மையாய் இருந்து போனவருடைய இடம் காலியாவதில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

நம் அண்ணனைப் பற்றி இப்போது பேச வேண்டும். பெயரைச் சொல்லத் தேவையில்லை, இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். போன மாதம் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்து ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரைவரை ஏறியபோது உணவுப் பொட்டலங்களோடு முதலில் போனவர்களில் அவரும் அவருடைய உடன் ஊழியரான நம் அக்காவும் இருந்தார்கள். சனிக்கிழமை டியூஷன் வகுப்பும் மருத்துவமனை சந்திப்பும் அவர்கள் இருவருடைய தோளில்தான் நடந்தன. அவர் வேனை ஓட்டுவார், அக்கா பாடம் நடத்துவார். அவர் வாசலில் நின்று பெற்றோரிடம் பேசுவார், அக்கா உள்ளே பிள்ளைகளுக்கு மைலோ கலக்குவார். அடக்க ஆராதனை முடிந்த பிறகு அக்கா என்னிடம், "ஐயா, இனி என்னால முடியாது, நிறுத்திடலாம்" என்று சொன்னார். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்று நான் பேசுவது அவருக்குத்தான், ஆனால் நீங்களும் கேட்க வேண்டிய பதில் இது.

முதலில், அக்கா அழட்டும். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது பக்தியுள்ள மனிதர்கள் அவரை அடக்கம் செய்து, அவருக்காகப் பெரிதாகப் புலம்பியதை லூக்கா 8ஆம் அதிகாரத்தில் மறக்காமல் எழுதுகிறார். அழுதவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று அவர் சொல்லவில்லை, பக்தியுள்ளவர்கள் என்கிறார். பவுலைப் பாருங்கள். உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது, தேவன் அவருக்கு மட்டும் இரங்கவில்லை, துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி எனக்கும் இரங்கினார் என்று பிலிப்பியருக்கு வெளிப்படையாக எழுதினார். மரணம் தமக்கு ஆதாயம் என்று அதே நிருபத்தில் எழுதிய பவுல்தான் இதையும் எழுதினார். தமது மரணத்தைப் பற்றி அவருக்குப் பயமில்லை. கூட உழைத்தவனை இழப்பதை நினைத்தபோதோ அவர் உள்ளம் கலங்கியது. ஆகவே, தயவுசெய்து, "எல்லாம் தேவ சித்தம்" என்று இந்த மாதம் அக்காவிடம் யாரும் சொல்ல வேண்டாம். அது உண்மையாகவே இருக்கட்டும். அதைச் சொல்ல வேண்டிய நேரம் இதுவல்ல.

உடன் ஊழியரை இழந்த இன்னொருவரைப் பார்க்க இனி தரங்கம்பாடிக்குப் போவோம். நம்மில் பாதிப்பேருடைய பாட்டன் முப்பாட்டன் விசுவாசம் அங்கேதான் வேர்விட்டது. பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ரயில்வே வேலைக்கும் தோட்ட வேலைக்கும் கப்பலேறி வந்தபோது அந்த முன்னோர்கள் தரங்கம்பாடிப் பாட்டுப் புத்தகத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். சீகன்பால்க் பெயர் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் கிடையாது. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இறங்கியவர், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். ஆனால் யோஹான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லரின் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிருண்ட்லர் 1709இல் வந்தார். ஹாலே நகரில் ஆசிரியராக இருந்தவர். பொறையாற்றில் தமிழ் மக்கள் நடுவில் தங்கித் தமிழ் கற்றார், தமிழ் வைத்தியத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சீகன்பால்க்கும் அவரும் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, பதில் கடிதங்களை வாங்கி, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1714இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் போய் 1716இல் திரும்பும்வரை பள்ளிகள், அச்சுக்கூடம், சபை எல்லாவற்றையும் தாங்கியவர் கிருண்ட்லர்தான். அப்போது அவருக்கு ஒரு நிச்சயம் இருந்தது. நண்பர் திரும்பி வருவார். 1719 பிப்ரவரி 23ஆம் தேதி சீகன்பால்க் மரித்தார், அந்த நிச்சயமும் போனது. சீகன்பால்க்குக்கு அப்போது 36 வயது. அவர்கள் இருவரும் சேர்ந்து எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சிறு பிள்ளைகளோடு ஒரு விதவை, பாதியில் நிற்கும் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, சம்பளம் எதிர்பார்க்கும் உபதேசிமார். இதற்கு மேல் இன்னொரு பாரமும் இருந்தது. கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த வெண்ட் என்பவர், மிஷனரிகள் கட்டடத்துக்கும் பள்ளிக்கும் பணம் செலவழிப்பதைக் கண்டித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அப்போஸ்தலர்களைப்போல வெறுங்கையோடு ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நண்பனைப் புதைத்த மனிதன் அந்தக் கடிதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே சபையாருக்கு ஒரு வார்த்தை. அண்ணன் இறந்த இரண்டாம் வாரமே வேன் கணக்கு எங்கே, டியூஷன் பணம் யாரிடம் இருக்கிறது என்று நம்மில் சிலர் கேட்டோம். கணக்கு அவசியம். ஆனால் அழுதுகொண்டிருப்பவரிடம் போய் கேட்க வேண்டாம். மூப்பர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள்.

சரி, கிருண்ட்லர் என்ன செய்தார்? சீகன்பால்க் ஆக முயன்றாரா என்றால், தனியாக இருந்த மாதங்களில் இரண்டு ஆள் வேலையைச் செய்யத்தான் பார்த்தார். ஏற்கெனவே நலிந்திருந்த உடம்பு இன்னும் நலிந்தது. அதைப் பாராட்ட எனக்கு மனமில்லை. இரண்டு பேர் சுமந்ததை ஒருவர் தலையில் ஏற்றுவதை ஊழிய வைராக்கியம் என்று நாம் புகழ்கிறோம், பிறகு அவரும் சாய்ந்தபோது கூடி நின்று அழுகிறோம். நான் அவரைக் கனம்பண்ணுவது வேறொன்றுக்காக. 1719 செப்டம்பரில் மூன்று பேர் கப்பலிலிருந்து இறங்கினார்கள்: பெஞ்சமின் சூல்ட்சே, நிக்கோலாஸ் டால், கிஸ்டன்மாக்கர். மூவருக்கும் தமிழ் தெரியாது, ஊர் தெரியாது, ஆள் தெரியாது. கிருண்ட்லருக்குக் கிடைத்த காலம் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் அவர்களைத் தமிழுக்குள்ளும் சபைக்குள்ளும் நடத்திவந்தார். 1720 மார்ச் 19ஆம் தேதி அவரும் கண்மூடினார், நண்பர் மறைந்து பதின்மூன்று மாதங்களுக்குள். புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், பீடத்தின் ஒரு பக்கம் சீகன்பால்க், மறுபக்கம் கிருண்ட்லர்.

இருவருமே போய்விட்ட பிறகு என்ன ஆனது? ரூத் புத்தகத்தோடு நின்றிருந்த பழைய ஏற்பாட்டை சூல்ட்சே கையிலெடுத்தார். 1728க்குள் அது அச்சாகி முடிந்தது. கடலூரைச் சேர்ந்த ஓர் இளைஞன், ஆறுமுகம் என்று பெயர், சீகன்பால்க் கையால் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனான். சீகன்பால்க்குக்கு அது கடைசி வருடம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1733இல் அதே ஆரோன் குருப்பட்டம் பெற்றார், முதல் தமிழ் லுத்தரன் போதகர். ஞானஸ்நானம் கொடுத்தவர் அதைக் காணவில்லை, கிருண்ட்லரும் காணவில்லை. ஆனால் நடுவில் அந்த ஆறு மாதம் இல்லாமல் போயிருந்தால் 1733 வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2017 பிப்ரவரி 13ஆம் தேதி, பட்டப்பகலில், பெட்டாலிங் ஜெயாவில் பாஸ்டர் ரேமண்ட் கோ காரிலிருந்து கடத்திச் செல்லப்பட்டார். ஏழைகளுக்காக ஹராப்பான் கொமுனிட்டி என்ற பணியை நடத்தியவர். ஃபெடரல் நெடுஞ்சாலையில் இங்கிருந்து சிறிது தூரம். அது வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட சம்பவம் என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019இல் முடிவு சொன்னது. அவர் மனைவி சூசன்னா லியூவுக்கு அடக்க ஆராதனைகூடக் கிடைக்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கல்லறையும் இல்லை. ஆனால் அவர் ஒன்று செய்தார். பெர்லிஸில் 2016இல் காணாமல்போன அம்ரி சே மாட் என்ற முஸ்லிம் சமூகப் பணியாளரின் மனைவி நோர்ஹாயாத்தியோடு சேர்ந்து நின்றார். இரண்டு வீட்டுக் கேள்வியும் ஒன்றாக எழுந்தது. துணை போன பிறகு ஊழியம் பழைய உருவத்திலேயே தொடரும் என்று யார் சொன்னது? சூசன்னாவின் கைக்கு அவர் நினைத்துப் பார்க்காத ஒரு வேலை வந்தது. அந்த வேலையின் வழியாக, நம் தேவாலயங்களுக்குள் வராத ஒரு குடும்பத்தின் கண்ணீரையும் அவர் சுமந்தார்.

அதனால் அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நிறுத்த வேண்டாம், நீங்கள் அண்ணனாகவும் மாற வேண்டாம். வேனை நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை. வாசலில் நின்று அப்பாக்களிடம் அவர் பேசியதுபோல உங்களால் பேச முடியாமல் போகலாம், அது குறையல்ல. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். செக்‌ஷன் 7 பிளாட்டில் எந்தப் பையனுக்கு அப்பா இல்லை, எந்த வீட்டில் மாத முடிவில் அரிசி தீர்ந்துபோகும், மருத்துவமனையில் யாருடைய மகன் வந்து பார்ப்பதில்லை, இதெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அவர் தலைக்குள் இருந்தது, பாதி உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். உட்கார்ந்தபடியே சொன்னால் போதும், அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை. மற்றதை நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

சபையாருக்கு: அண்ணனைப்போல ஒருவரைத் தேடி நாம் அலையப்போவதில்லை. அவர் செய்ததைப் பல கைகளாகப் பிரித்துக்கொள்ளப்போகிறோம். வேன் ஓட்ட இரண்டு பேர் வேண்டும், சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாவி என்னிடம் இருக்கும். கிள்ளான் மருத்துவமனைக்குப் போக வியாழக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது வாலிபர் சங்கத்திலிருந்து வரட்டும். கணிதம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள், குறிப்பாக எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள், ஆராதனை முடிந்ததும் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பாருங்கள். பின்னால் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்து செய்த உதவி, அவர் வழக்கமாகச் சந்தித்தவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது, எதுவானாலும் எழுதிவிட்டுப் போங்கள். தமிழிலோ மலாயிலோ எழுதலாம்.

இப்போது எழுந்து நிற்போம். அண்ணனின் துணைவியாருக்காகவும் பிள்ளைகளுக்காகவும், அக்காவுக்காகவும், சனிக்கிழமை வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்போம்.