இருத்தல்

2023. கார்த்திகையின் கடைசி முகூர்த்தங்களில் ஒன்றில் எங்கள் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு என் ஊரான கங்கைகொண்டானுக்கு வந்திருந்தோம். டிசம்பர் 18, திங்கட்கிழமை ரயிலேறி, கொடை ரோட்டில் இறங்கி மலைக்குப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள், மார்கழி பிறந்த ஞாயிறன்று, மழை பிடித்தது. விடவே இல்லை.

இடம் தேர்ந்தெடுக்க எத்தனை இரவு பேசியிருப்போம்! குற்றாலம் வேண்டாம், சாரல் காலத்தில்தான் அதற்கு அழகு. மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மூணாறு தொலைவு. இப்படித் தள்ளித் தள்ளிக் கொடைக்கானலில் வந்து நின்றோம். போய்ச் சேரும் ஊரின் பருவத்தைப் பேசினோமே தவிர, புறப்படும் ஊரின் பருவத்தை நினைக்கவில்லை. வாடைக்காற்றோடு வரும் மழை மார்கழியிலும் இங்கே கொட்டும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததா?

நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். மலை குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிர், முன்பனி. அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை. அந்தக் கணக்கில் நாங்கள் குறித்த இடமும் பிசகவில்லை, நாளும் பிசகவில்லை. ஆனால் வந்தது கார்காலம் போன்ற மழை. கார் முல்லைக்கு உரியது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல்: பிரிந்து போனவன் திரும்பும் வரை ஆற்றியிருப்பது. பிரியாத இருவர், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், ஒரு வீட்டுக்குள் சேர்ந்து இருப்பதற்கு எந்தத் திணை? அன்று இரவு மழையைக் கேட்டபடி இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கள் காலை ரயில் ரத்து. விடுதிக்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. மின்சாரம் போயிருந்தது. பெட்டி கட்டியபடியே சுவரோரம் நின்றது.

அம்மா மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டாள். நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு என்னிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொல்வாள். "ஏளா, அவுகள எங்கயும் போவாண்டாம்னு சொல்லு. ரோடெல்லாம் தண்ணி." மதியத்துக்கு மறுபடி சொதி வைக்கலாம் என்றாள். மறுவீட்டுச் சொதியை அவர் அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டிருந்தார். கரூர்ப் பக்கத்துக்காரர், அதற்கு முன் சொதி என்ற பேரையே கேட்டதில்லையாம். மிக்சி ஓடாது. தேங்காய் துருவ வேண்டும், அம்மியில் அரைக்க வேண்டும், மூன்று பால் எடுக்க வேண்டும். "அத்தை, குடுங்க" என்று திருவலகையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று தேங்காய். நான் அம்மியில் அரைத்தேன். முதல் பாலைத் தனியே எடுத்து வைத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, இரண்டாம் பால் சேர்த்து, கடைசியில் முதல் பாலை விட்டு, கொதி வருமுன் இறக்கி, ஆறியபின் எலுமிச்சை பிழிவது வரை அம்மா சொல்லச் சொல்லச் செய்தோம். மூன்றாவது தேங்காயின் பாதியில் அம்மா நிலைப்படியைத் தாண்டி வந்தாள். "போதும் மாப்ள, கை நோவப்போவுது." அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் சொல் அது.

கொடைக்கானலில் இருந்திருந்தால் இதை நான் எங்கே பார்த்திருப்பேன்?

மாலையில் பேட்டரி ரேடியோ. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது, தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டது, உள்ளே ஏறக்குறைய 800 பேர். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த ரயிலிலும் எங்களைப் போல் புதிதாய்க் கல்யாணமானவர்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. அவர் ரேடியோவின் ஒலியைக் குறைத்தார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

மழை விட்டபின் வெளியே போனோம். மான் சரணாலயத்துப் பக்கம் கூட்டிப்போகலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் சிற்றாற்றின் இரைச்சல் எங்களை இழுத்துக்கொண்டது. செம்மண் நிறத்தில், கரை தொட்டு, வேரோடு மரங்களைச் சுமந்துகொண்டு போயிற்று.

"இது எங்கிருந்து வருது?"

"குற்றால மலையில இருந்து."

வேண்டாம் என்று நாங்கள் தள்ளிய மலை. அதன் தண்ணீர் எங்கள் ஊர் வழியே போய்க்கொண்டிருந்தது. அதில் எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சி வந்தது, உண்மை.

"எங்க போகுது?"

சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் என்றேன். அதற்கப்புறம் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர். வீடுகளும் வாழைத் தோட்டங்களும் தண்ணீருக்குள் இருந்த ஊர்கள். பேர்களைச் சொல்லி முடிக்க எனக்குக் குரல் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அப்போதுதான்.